தூண்டில் நரம்பு ரப்பராக இழுபடுகிறது, பெரிய மீன் மாட்டினால் சிதறுகிறது: யூனிட்டியில் என்ன வழி?

தக்கை_முங்குது

ஏரி மீன்பிடி விளையாட்டு, யூனிட்டி (விளையாட்டு உருவாக்கும் எஞ்சின்), கணினிக்கு மட்டும். 0.30 மி.மீ. மோனோ (ஒற்றை இழை நைலான்) நரம்பு, அதிகபட்சம் 40 மீட்டர் வெளியே. 80 துண்டு, ஒவ்வொன்றும் அரை மீட்டர். ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு ரிஜிட்பாடி (நிறையுள்ள பௌதிகப் பொருள்), நடுவில் கான்ஃபிகரபிள் ஜாயின்ட் (இணைப்பு). ஃபிக்ஸ்டு டைம்ஸ்டெப் (பௌதிகக் கணக்கின் படிநேரம்) 0.02 நொடி, தொடவில்லை.

வெறும் தக்கை கட்டினால் ஏதோ ஓடுகிறது. 5 கிலோ கெண்டையைக் கட்டினால் 40 மீட்டர் நரம்பு 60 மீட்டருக்கு நீள்கிறது, பிறகு நடுங்கி எல்லாக் கணுவும் திசைக்கொன்றாகப் பறக்கிறது. சால்வர் (இணைப்புகளைத் திருத்தும் பகுதி) சுற்றை 6-இலிருந்து 60 ஆக்கினேன். ஃபிரேம் செத்தது, நீட்சி போகவில்லை. வெர்லேக்கு (கணுவின் இப்போதைய, முந்தைய இடங்களை வைத்தே நகர்த்தும் முறை) மாற்றி 20 சுற்று வைத்தேன். இப்போது சிதறவில்லை, ஆனால் ஜட்டி எலாஸ்டிக் மாதிரி இழுபடுகிறது.

வேண்டியது மூன்று: ட்ராக் (மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீல் பிரேக்) நழுவ வேண்டும், அளவு மீறினால் அறுபட வேண்டும், தளர்ந்தால் தொய்வு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

---

கணுக்கணக்கு

குற்றம் யூனிட்டியுடையது இல்லை தம்பி, நிறை விகிதத்துடையது. 0.30 மி.மீ. நரம்பின் குறுக்குப் பரப்பு சுமார் 0.0707 சதுர மி.மீ. நைலானின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.14 கிராம். அப்படியானால் மீட்டருக்கு 0.08 கிராம். உங்கள் அரை மீட்டர் துண்டு 0.04 கிராம்தான், மொத்த 40 மீட்டரும் சேர்ந்தே 3 கிராம் சொச்சம். அதன் முனையில் 5,000 கிராம் மீன். கடைசிக் கணுவுக்கும் மீனுக்கும் 1-க்கு 1,25,000. சுற்றுச் சுற்றாகத் திருத்தும் ஜாயின்ட் சால்வர்கள் 1-க்கு 10 தாண்டினாலே முனக ஆரம்பிக்கும்.

ஒரு கணு தன் பக்கத்துக் கணுவை மட்டும்தான் பார்க்கிறது. மீன் இழுக்கிற சேதி ராடு நுனிவரை போய்ச் சேர, தேவைப்படும் சுற்று ஏறக்குறைய கணு எண்ணிக்கையின் வர்க்கத்தோடு வளரும். 80 கணுவுக்கு ஆயிரக்கணக்கில். 60 எந்த மூலைக்கு?

"சரி, நிஜமான ஸ்பிரிங்காகவே போட்டுவிடலாம்" என்று தோன்றும். அதையும் கணக்குப் பார்த்துவிடுங்கள். நைலானின் யங் குணகத்தை 2.5 கிகாபாஸ்கல் என்று எடுத்தால், குணகம் × பரப்பு = 177 நியூட்டன். அரை மீட்டர் துண்டின் விறைப்பு மீட்டருக்கு 354 நியூட்டன். 0.04 கிராம் நிறையோடு சேர்த்தால், வெளிப்படைத் தொகையீடு (இப்போதைய விசையை வைத்தே அடுத்த படியைக் கணிப்பது) சிதறாமல் இருக்கப் படிநேரம் 0.34 மில்லிநொடிக்குக் கீழே இருக்க வேண்டும். இது தற்செயல் எண் இல்லை. நரம்புக்குள் ஒலி நொடிக்கு 1,480 மீட்டர் போகிறது, அது அரை மீட்டர் கடக்கும் நேரம்தான் இது. நொடிக்கு 60 ஃபிரேமில் ஓடினால் ஃபிரேமுக்கு 50 உட்படி (ஃபிரேமுக்குள் சின்னப் படி). அதுவும் விளிம்பில் நின்றுகொண்டு.

என் யோசனை: மீன் உணரும் நரம்பையும் கண் பார்க்கும் நரம்பையும் பிரித்துவிடுங்கள். இழுவிசை ஒரே ஓர் எண். படத்தில் வருவது அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்ட அலங்காரம்.

---

வெர்லே_வேலன்

> படத்தில் வருவது அந்த எண்ணுக்குக் கட்டுப்பட்ட அலங்காரம்.

இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நரம்பு ஒரு கட்டையில் சுற்றிக்கொண்டால் உங்கள் ஒற்றை எண் என்ன சொல்லும்?

2001-இல் ஜேக்கப்சன் ஹிட்மேன் என்ற விளையாட்டுக்காகச் செய்ததை விளக்கிய வெர்லே முறையோடு உலகம் நின்றுவிடவில்லை. அதில் விறைப்பு என்பது சுற்று எண்ணிக்கைக்கும் படிநேரத்துக்கும் ஏற்ப மாறும். அதனால்தான் அந்த எலாஸ்டிக். 2016-இல் வந்த எக்ஸ்பிபிடி (கணுக்களின் இடத்தையே நேராகத் திருத்தும் முறை) அதைத் தீர்த்தது. விறைப்புக்குப் பதில் நெகிழ்வு, அதாவது துண்டு நீளம் வகுத்தல் 177, நியூட்டனுக்கு 0.0028 மீட்டர் என்று நேராகக் கொடுக்கலாம். ஃபிரேமுக்கு ஒரு படியில் 20 சுற்று என்பதை விட்டு, 20 உட்படி, உட்படிக்கு ஒரு சுற்று என்று வையுங்கள். அதே செலவில் விறைப்பு பல மடங்கு கூடும்.

அதுவும் போதாது என்றால், சங்கிலிக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு சலுகை இருக்கிறது. ஒவ்வொரு துண்டும் முன்னும் பின்னும் உள்ள துண்டை மட்டும் தொடுகிறது, ஆகவே சமன்பாட்டு அணியில் நடு மூலைவிட்டமும் அதன் இரு பக்கமும் தவிர எல்லாம் பூஜ்யம். முன்னே ஒரு ஓட்டம், பின்னே ஒரு ஓட்டம், 80 தெரியா எண்ணும் நேராகக் கிடைத்துவிடும். சுற்றே வேண்டாம். நிறை விகிதம் எவ்வளவானாலும் கவலையில்லை.

---

கணுக்கணக்கு

நேர்த்தீர்வு நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு கண்ணி இருக்கிறது. ஒன்று, நரம்பு இழுக்கும், தள்ளாது. நேர்த்தீர்வு சில துண்டுகளுக்கு எதிர்மறை இழுவிசை தரும். அவற்றைப் பூஜ்யமாக்கிவிட்டு மறுபடி தீர்க்க வேண்டும். ஆக்காவிட்டால் தளர்ந்த நரம்பு கம்பி மாதிரி விறைத்து நிற்கும். இரண்டு, கரையிலோ படகிலோ இடிக்கும் கணுக்கள் வந்ததும் அந்த அழகான மூன்று வரி அணி கலைந்துவிடும்.

கட்டையில் சுற்றுவதற்கு 80 கணு வேண்டாம், தொடுபுள்ளிப் பட்டியல் போதும். ராடு நுனியிலிருந்து மீன்வரை ஒரு ரேகாஸ்ட் (நடுவில் என்ன இடிக்கிறது என்று பார்க்கும் நேர்க்கோடு). நடுவில் கட்டை வந்தால் தொட்ட இடத்தைப் பட்டியலில் சேர். திருப்பம் எதிர்ப்பக்கம் போனால் எடு. தூரம் என்பது நேர்க்கோடு இல்லை, அந்தப் புள்ளிகள் வழியான மொத்தம். ஒவ்வொரு திருப்பத்திலும் இழுவிசையை, இயற்கை மடக்கை அடிமானத்தின் (உராய்வுக் கெழு × ரேடியனில் திருப்பக் கோணம்) அடுக்கால் வகுத்துக்கொண்டே ரீல் பக்கம் வாருங்கள். கெழு 0.3, அரைச் சுற்று என்றால் 2.57 மடங்கு வித்தியாசம். மீன் பக்கம் நரம்பு அறுகிற நிலையில் இருக்கும், ரீலில் ட்ராக் நழுவவே நழுவாது. கட்டைக்குள் மீன் நுழைந்தால் ஏன் போச்சு என்பது இந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது.

---

முள்ளும்_ஈயமும்

நிரல் பக்கம் நான் வரவில்லை. நரம்பு பற்றி மட்டும்.

இந்த உரையாடலில் யாரும் காற்றைச் சொல்லவில்லை. 0.30 மோனோவின் எடை மீட்டருக்கு 0.0008 நியூட்டன். நொடிக்கு 5 மீட்டர் பக்கக்காற்று அதே ஒரு மீட்டரைத் தள்ளுவது சுமார் 0.006 நியூட்டன். கிட்டத்தட்ட 8 மடங்கு! தொய்வு கீழ்நோக்கி மட்டும் விழும் விளையாட்டுகளைப் பார்த்தால் தூண்டில் பிடித்தவர் யாரும் சிரிப்பார்கள். நிஜத்தில் அது பக்கவாட்டில் வளையும்.

வளைவு இழுவிசைக்குத் தலைகீழ். 40 மீட்டர், இழுவிசை 0.5 நியூட்டன் என்றால் காற்றில் நடுவில் 2.5 மீட்டர் விலகும். அந்த வளைவு 42 செ.மீ. நரம்பை விழுங்கிவிடும். மீன் கால் மீட்டர் இழுத்தாலும் ராடு நுனிக்குச் சேதி வராது. 5 நியூட்டனில் விலகல் 25 செ.மீ., விழுங்குவது அரை செ.மீ. கூட இல்லை. "நரம்பை இறுக்கி வை" என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

ரீல் ட்ராக்: நரம்பு தாங்கும் அளவில் நாலில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை வைப்பது வழக்கம். 6 கிலோ நரம்புக்கு 1.5 முதல் 2 கிலோ. இதை மாறிலியாக வைத்துவிடாதீர்கள். ட்ராக் தருவது முறுக்கு விசை. நரம்பு போகப் போக ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) ஆரம் சுருங்கும். 24 மி.மீ. ஆரத்தில் 18 நியூட்டன் என்று வைத்தது, 18 மி.மீ. ஆனதும் 24 நியூட்டன். மீன் ஓடிக்கொண்டே இருந்தால் ட்ராக் தானாக இறுகிக்கொண்டே போகும். ராடு 90 பாகை வளைந்திருந்தால் வளையங்களில் உரசுவது தனி, கெழு 0.1 என்றாலும் மீன் பக்கம் 17 சதவீதம் கூடுதல். மேலே கணுக்கணக்கு கட்டைக்குச் சொன்ன அதே கணக்குதான்.

எங்கள் பக்கம் இதைத் தங்கூசி என்போம், அங்கே நரம்பு. பௌதிகம் ஒன்றுதான்.

---

தக்கை_முங்குது

காற்றுக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. கணுக்கணக்கு அண்ணா, ஒற்றை இழுவிசையை ஃபிக்ஸ்டுஅப்டேட்டில் (ஒவ்வொரு பௌதிகப் படியிலும் ஓடும் நிரல்) எந்த வரிசையில் செய்வது? அதுவும் ஒரு ஸ்பிரிங்தானே, சிதறாதா?

---

கணுக்கணக்கு

சிதறாது. ஏனென்றால் இப்போது ஸ்பிரிங்கின் முனையில் 0.04 கிராம் இல்லை, 5 கிலோ இருக்கிறது. நரம்பு 2 மீட்டராகக் குறைந்தால் விறைப்பு மீட்டருக்கு 88 நியூட்டன். 5 கிலோவோடு அதன் படிநேர வரம்பு கிட்டத்தட்ட அரை நொடி. 0.02-இல் தூங்கிக்கொண்டே ஓடும். அதே நரம்பு, ஆயிரம் மடங்குக்கு மேல் சலுகை.

வரிசை இதுதான். முதலில் ராடு நுனி முதல் மீன்வரை பாதை நீளம் எடு, தொடுபுள்ளிகள் சேர்த்து. வெளியே உள்ள நரம்பு நீளம் தனி மாறி; கைப்பிடி சுற்றினால் குறையும். பாதை, நீளத்தைவிடக் குறைவு என்றால் இழுவிசை 0. அதிகம் என்றால் இழுவிசை = 177 × (பாதை − நீளம்) ÷ நீளம். இது ட்ராக்கைத் தாண்டினால் நழுவல்: புதிய நீளம் = பாதை ÷ (1 + ட்ராக் ÷ 177), இழுவிசை = ட்ராக். இங்கே வேகம், தொகையீடு எதுவும் இல்லை, நேராக விடைக்கே போய்விடுகிறோம். அதனால் நழுவும்போது நடுக்கமே வராது. நழுவல் தொடங்க ட்ராக்கைவிட 15 சதவீதம் கூடுதல் கேளுங்கள், தொடங்கிய பிறகு சாதாரண அளவு. அந்த முதல் சுண்டலில்தான் நோஞ்சான் முடிச்சு போகும். கடைசியாக இழுவிசையை மீன்மேல், அதற்கு மிக அருகிலுள்ள தொடுபுள்ளியை நோக்கிப் போடுங்கள்.

ராடு வளைவைத் தொடர் ஸ்பிரிங்காகச் சேருங்கள். 20 மீட்டர் மோனோவின் விறைப்பு மீட்டருக்கு 9 நியூட்டன்தான், சாதா ராடு அதைவிட விறைப்பு. நரம்புதான் அதிர்ச்சியை வாங்குகிறது. மீன் கரைக்கு 2 மீட்டர் வந்ததும் நரம்பு 10 மடங்கு விறைத்துவிடும், ராடு மட்டும்தான் மிச்சம். கரையோரம் ஒரு துள்ளலில் அறுபடுவதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டாம், தானே வரும்.

---

வெர்லே_வேலன்

சரி, தொடுபுள்ளிப் பட்டியலுக்கு நான் கட்சி மாறிவிடுகிறேன். ஆனால் கண்ணுக்குத் தெரியும் நரம்பு என் ஏரியா.

இரு முனையையும் ஆணியடி: ராடு நுனி, மீன் வாய், இரண்டிலும் தலைகீழ் நிறை 0, அதாவது சால்வரால் அசைக்க முடியாது. நிறை விகிதப் பிரச்சினை மறைந்துவிட்டது. 40 துண்டு போதும், 8 உட்படி, ஒரு சுற்று. நெகிழ்வு 0 என்றே வைக்கலாம். நீட்சியை அந்த ஒற்றை இழுவிசைக் கணக்கே பார்த்துக்கொள்கிறது.

இதில் எல்லோரும் விழும் குழி: மீன் இழுக்கும்போது பாதை, நீளத்தைவிடப் பெரிது. ஆணியடித்த இரு முனைக்கு நடுவே போதாத நரம்பு. சால்வர் தீர்க்க முடியாததைத் தீர்க்கப் போராடி நடுங்கும். துண்டின் ஓய்வு நீளத்துக்கு, நீளம், பாதை × 1.0005 இரண்டில் எது பெரிதோ அதைத் துண்டு எண்ணிக்கையால் வகுத்துக் கொடுங்கள். நடுக்கம் நின்றுவிடும்.

அடுத்த குழி தண்ணீர். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில் 0.30 நரம்பின் மேல் மீட்டருக்கு சுமார் 0.18 நியூட்டன் தடை, நிறையோ 0.08 கிராம். நரம்பு நீரோட்ட வேகத்துக்கு வந்துசேரும் கால அளவு 0.44 மில்லிநொடி. 8 உட்படியில் படிநேரம் 2.1 மில்லிநொடி. தடை விசையை அப்படியே முடுக்கமாகக் கூட்டினால் ஒரே படியில் வேகம் திசை மாறிப் பெரிதாகும், நீருக்குள் நரம்பு வெடிக்கும். ஆகவே கூட்டாதீர்கள், வகுங்கள்: நீரைச் சார்ந்த வேகம் ÷ (1 + படிநேரம் ÷ கால அளவு). எவ்வளவு பெரிய படிக்கும் பூஜ்யத்தைத் தாண்டாது. நரம்பின் குறுக்கே உள்ள வேகத்துக்கு மட்டும் இந்த முழுத் தடை, நீளவாக்கில் மிகக் கொஞ்சம். இரண்டையும் ஒன்றாக்கினால் இழுத்த நரம்பு பாகுக்குள் ஊர்வது போலிருக்கும்.

---

தக்கை_முங்குது

தண்ணீர் வெடிப்பு நின்றுவிட்டது! வீசும்போது மட்டும் சிக்கல். நரம்பு வெளியே போகப் போக ராடு நுனியில் புதுக் கணு சேர்க்கிறேன். சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுண்டு, அலை ஒன்று லூர் (போலி இரை) வரை ஓடுகிறது.

---

வெர்லே_வேலன்

புதுக் கணுவின் முந்தைய இடத்துக்கு என்ன கொடுக்கிறீர்கள்? இப்போதைய இடத்தையே கொடுத்திருந்தால் அதன் வேகம் 0. பக்கத்துக் கணு நொடிக்கு 25 மீட்டரில் பறக்கிறது. சுண்டாமல் என்ன செய்யும்?

ராடு நுனியை ஒட்டிய துண்டை மட்டும் நீளம் மாறும் துண்டாக வையுங்கள். அது ஒன்றரைத் துண்டு அளவு வளர்ந்ததும் பிளக்கவும். இப்போதைய இடம், முந்தைய இடம் இரண்டையும் ஒரே விகிதத்தில் இடைச்செருகினால் வேகம் தானாகச் சரியாகும். அரைத் துண்டுக்குக் கீழே போனால் இணைக்கவும். பிளப்பதும் இணைப்பதும் ஒரே எல்லையில் இருந்தால் ஒரே கணு பிறந்து பிறந்து சாகும்; இடைவெளி கட்டாயம்.

வீசும்போது 15 கிராம் லூரை நரம்போடு சேர்த்துத் தீர்க்காதீர்கள். அது எறிபொருள், காற்றுத்தடை மட்டும். பெயிலை (ரீலில் நரம்பை விடும், பிடிக்கும் கம்பி வளைவு) மூடிய நொடியில் நீளத்தை அப்போதைய பாதைக்குப் பூட்டுங்கள்.

---

மிதவைப்புள்ளி

ஏரி எவ்வளவு பெரிது? உலக மையத்திலிருந்து 4 கி.மீ. தாண்டினால் 32 பிட் மிதவை எண்ணின் அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையே 0.49 மி.மீ. இடைவெளி. உட்படி நொடியில் 480-இல் ஒரு பங்கு என்றால் ஒரு படியில் ஈர்ப்பு நகர்த்துவது 0.04 மி.மீ. அது அப்படியே வட்டமாக்கலில் காணாமல் போகும், நரம்பு அந்தரத்தில் நிற்கும்.

---

கணுக்கணக்கு

எச்சரிக்கை சரி, அச்சு தவறு. ஈர்ப்பு உயர அச்சில்; ஏரி மட்டம் பூஜ்யத்துக்கு அருகே இருந்தால் அங்கே துல்லியம் ஏராளம், நரம்பு ஒழுங்காகவே விழும். கெடுவது கிடை அச்சுகள். காற்று தரும் மெல்லிய நகர்வுகள் 0.49 மி.மீ. படிக்கட்டுகளில் ஏறி இறங்கும், வளைவில் முனைமுனையாகத் தெரியும். மருந்து ஒன்றுதான்: கணுக்களை ராடு பிடித்தவரின் காலடியிலிருந்து அளந்து சேமியுங்கள், வரையும்போது மட்டும் உலக இடத்துக்கு மாற்றுங்கள். ஆள் நடந்தால் இப்போதைய, முந்தைய இடம் இரண்டிலிருந்தும் ஒரே அளவைக் கழிக்க வேண்டும்.

---

நிழற்றி

வரைவதற்கு வருகிறேன். 1080 வரிகள், செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை என்றால் 10 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் 1.07 செ.மீ. உங்கள் நரம்பு அதில் 36-இல் ஒரு பங்கு. உள்ளபடி வரைந்தால் புள்ளிபுள்ளியாக மின்னி மறையும். அகலம் ஒரு பிக்சலுக்குக் குறையாமல் வெர்ட்டெக்ஸ் ஷேடரிலேயே (முனைப்புள்ளிகளை இடம் மாற்றும் கிராஃபிக்ஸ் நிரல்) பருக்கச் செய்து, எத்தனை மடங்கு பருத்ததோ அந்த அளவுக்கு ஒளிபுகாமையைக் குறையுங்கள். கணக்குப்படி குறைத்தால் 10 மீட்டரில் நரம்பே தெரியாது, நிஜத்திலும் அப்படித்தான். விளையாடுகிறவருக்குத் தெரிய வேண்டுமே, ஒளிபுகாமையை 0.25-க்குக் கீழே விடாதீர்கள். சூரியனுக்கு எதிரே மட்டும் பளபளப்பைக் கூட்டினால் நம்பும்படி இருக்கும்.

கணுக்களுக்கு நடுவே கேட்மல்-ராம் (புள்ளிகள் வழியே போகும் மென்வளைவு), சென்ட்ரிபீட்டல் வகை. சாதாரண வகை, பிளந்த சின்னத் துண்டுக்கு அருகே சுருக்குப் போடும். டிஏஏ (முந்தைய ஃபிரேம்களைக் கலந்து விளிம்பை மென்மையாக்குவது) போட்டிருந்தால் நரம்புக்கும் மோஷன் வெக்டர் (பிக்சல் எங்கிருந்து நகர்ந்தது என்ற தகவல்) எழுதுங்கள், இல்லையென்றால் வீசும்போது நரம்புக்குப் பின்னால் புகை.

---

தக்கை_முங்குது

அறுபடுவது மட்டும் பாக்கி. இழுவிசை 59 நியூட்டன் தாண்டினால் அறு என்று வைத்திருக்கிறேன். யாருக்குமே அறுபடவில்லை, ட்ராக் எப்போதும் முந்திக்கொள்கிறது.

---

முள்ளும்_ஈயமும்

நரம்பு நடுவில் அறுபடுவது அபூர்வம். முடிச்சில் போகும், அல்லது பாறையில் உரசின இடத்தில் போகும். முடிச்சுக்கு ஒரு பெருக்கல் எண் வையுங்கள், ஒழுங்காகப் போட்டது 0.9, அவசரத்தில் எச்சில் தொடாமல் இறுக்கியது 0.6. தொடுபுள்ளிப் பட்டியல்தான் இருக்கிறதே: கட்டையைத் தொட்டபடி நரம்பு நகர்ந்த தூரம் × அங்குள்ள இழுவிசை, அதற்கேற்ப வலுவைத் தேயுங்கள். இப்போது 59 என்பது 30 ஆகும், ட்ராக் 20-இல் நிற்கும்போது மேலே சொன்ன 15 சதவீதமும் ஸ்பூல் சுருக்கமும் சேர்ந்து எட்டிவிடும்.

---

கணுக்கணக்கு

அறுந்ததும் நரம்பு திரும்பிச் சுண்டும் வேகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். 20 சதவீதம் நீண்ட நைலானுக்குக் கணக்கு நொடிக்கு 300 மீட்டர் என்று சொல்லும். காற்று அதை உடனே தின்றுவிடும், ஒரு ஃபிரேமில் எதுவும் தெரியாது. முனைக் கணுவின் ஆணியைக் கழற்றி, ராடு நுனி நோக்கி நொடிக்கு 25 மீட்டர் கொடுங்கள். ராடு நிமிர்வதுதான் பார்ப்பவருக்கு உறைக்கும்.

---

தக்கை_முங்குது

ப்ரெய்டுக்கு (பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிய நரம்பு) மாற்ற எதைத் தொட வேண்டும்?

---

முள்ளும்_ஈயமும்

அடர்த்தி 0.97, மிதக்கும். நீட்சி அறுபடும்போதும் சில சதவீதம்தான். 177-க்குப் பதில் 2,500 போடுங்கள். அதே வலுவுக்குப் பாதி தடிமன் போதும், ஆகவே காற்று வளைவும் பாதி. ட்ராக்கைக் கொஞ்சம் தளர்த்துங்கள், அதிர்ச்சி வாங்க இனி ராடு மட்டும்தான்.

---

கணுக்கணக்கு

2,500 போட்டதும் 2 மீட்டரில் படிநேர வரம்பு 0.13 நொடிக்கு இறங்கும். 5 கிலோ மீனுக்கு 0.02 இன்னும் தாங்கும். 100 கிராம் பொடி மீனுக்குத் தாங்காது, விளிம்பைத் தொட்டுவிடும்; இழுவிசைப் பகுதியை மட்டும் 4 உட்படியில் ஓட்டுங்கள்.